விழிப்புணர்வு யாருக்கு?

ஒரு தாயையும் மகனையும் வைத்துத்தான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. பேர் வேண்டாம். நீலகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஓரமாக இருக்கிற ஒரு பணியர் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். மகனுக்குப் பதினாறு வயசு இருக்கும். மழையும் குளிருமான ஒரு நாள். முந்தின ராத்திரியிலிருந்து அவனுக்கு இடுப்பு, முழங்கால், நெஞ்செலும்பு எல்லாம் வலி. ஜீப் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருந்தார்கள். பையன் பெஞ்சில் சுருண்டு கிடந்து அலறுகிறான். காயம் இல்லை, ரத்தம் இல்லை, எலும்பு முறிவு இல்லை. அங்கே இருந்தவர் கேட்டார்: "என்னடா, நடிக்கிறியா? குடிச்சிருக்கியா?"

அந்த அம்மா இடுப்புச் சுருக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு அட்டை. முகாமில் ரத்தம் எடுத்துச் சோதித்துக் கொடுத்தது. "சிக்கிள் செல் சார். இவனுக்கு வியாதி. எனக்கும் இவன் அப்பாவுக்கும் கூறு மட்டும்தான் இருக்கு, வியாதி இல்ல. குளிர் பட்டா, தண்ணி குடிக்காம இருந்தா இப்படி ஆகும். குளுக்கோஸ் ஏத்தி வலிக்கு ஊசி போடணும்." தட்டுத் தடுமாறின தமிழில் சொன்னார். ஆனால் ஒரு வார்த்தை தப்பில்லை. வாங்கிப் பார்த்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் காலைல ஓ.பி.க்குக் கொண்டா" என்று கொடுத்துவிட்டார். ஊசி போடும்போது மூன்று மணி நேரம் கழிந்திருந்தது.

வேறொருவருக்குத் துணையாக நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் அலறியபோது, 'கொஞ்சம் கூடுதலாத்தான் கத்துறானோ' என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. சேரியில் பிறந்தவன், 'உங்க ஆளுங்க சும்மாவே கத்துவீங்கடா' என்று கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கே அப்படித் தோன்றியது.

அன்றைக்கு அந்த அறையில் இந்த நோயைப் பற்றிய விழிப்புணர்வு யாருக்கு இருந்தது? எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா ஒருவருக்குத்தான். ஆனால் விழிப்புணர்வு என்று அரசு பேசும்போதெல்லாம் அவர் பக்கமாகத்தான் விரலை நீட்டுகிறது. 'ஆதிவாசிகளிடையே விழிப்புணர்வு இல்லை' என்பதுதான் பல்லவி. சட்டம் போட்டு விழிப்புணர்வை உண்டாக்க முடியுமா என்று கேட்பதற்கு முன்னால், அந்தச் சட்டம் யாரை விழிக்கச் சொல்கிறது என்று நாம் கேட்க வேண்டும்.

நோயைப் பற்றி முதலில் கொஞ்சம். நம்முடைய சிவப்பணு உருண்டையாக, நடுவில் குழிவாக, வளைந்து கொடுக்கிற மாதிரி இருக்கும். மயிரிழைக் குழாயில்கூட நெளிந்து போய்விடும். இந்த நோய் உள்ளவர்களுடைய சிவப்பணு, ஆக்ஸிஜன் குறையும்போது விறைத்து, கதிரறுக்கிற அரிவாள் மாதிரி வளைந்துவிடும். சின்னக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்துக்கு ரத்தம் போகாது. அதுதான் அந்த வலி. எலும்பை உள்ளேயிருந்து நெரிக்கிற வலி. நல்ல சிவப்பணு 120 நாள் உயிரோடு இருக்கும். இது 10 முதல் 20 நாளில் உடைந்துபோகும். அதனால் சோகை, மஞ்சள் கண், மூச்சு வாங்குதல். மண்ணீரல் கெட்டுப்போவதால் சின்னப் பிள்ளைகளுக்குச் சாதாரணத் தொற்றுகூட உயிரை எடுத்துவிடும். வாலிப வயசிலேயே இடுப்பெலும்பு செத்துப் போய் நொண்டுகிறவர்கள் உண்டு.

இது தொற்றுநோய் இல்லை. தொட்டால், கூடச் சாப்பிட்டால் வராது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்தக் கூறு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் கடத்துகிறவர். அவருக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது. இரண்டு கடத்துகிறவர்கள் சேர்ந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு உண்டு. இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஒரு பக்கத்துக் கூறு மட்டும் உள்ளவர்களைக் கொடிய மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை என்பதை 1954ல் ஆந்தனி ஆலிசன் என்ற மருத்துவர் காட்டினார். மலேரியா பிடித்த காட்டிலும் சதுப்பிலும் வாழ்ந்த மக்களைக் காப்பாற்றிய கூறு இது. சில பிள்ளைகளுக்கு இரட்டையாக வந்து சேரும்போதுதான் அது நோயாகிறது. கெட்ட ரத்தம், சாபம், பரம்பரைப் பாவம் என்கிற பேச்சுக்கெல்லாம் இங்கே இடமே கிடையாது.

1910ல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர்தான் இதை முதலில் எழுதி வெளியிட்டார். நோயாளி, கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு கறுப்பு மாணவர். 1949ல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் இது ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிற கோளாறு என்று நிறுவினார்கள். இந்தியாவில் முதன்முதலாக இது கண்டுபிடிக்கப்பட்டது வேறெங்கும் இல்லை, நம்முடைய நீலகிரியில்தான். 1952ல் லேமனும் கட்புஷும் இங்கே மலைமக்களின் ரத்தத்தைச் சோதித்து எழுதினார்கள். ஆனால் அன்றைய ஆராய்ச்சிக்கு ஆர்வமெல்லாம் இந்த மக்கள் ஆதியில் எந்த இனம், எந்தக் கண்டத்தோடு தொடர்பு என்பதில் இருந்தது. ரத்தத்தைப் படித்தார்கள். வலியைப் படிக்க ஆளில்லை. தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கம் என்று ஒன்றை இந்திய அரசு தொடங்கியது 2023 ஜூலை 1ல், மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில். இடையில் 71 வருஷம்.

'அது மலைஜாதிக்காரங்க நோய், நமக்கென்ன' என்று நம்மில் பலபேர் சொல்லிவிட்டுப் போகிறோம். நாக்பூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். 1956ல் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவிய ஊர். அந்த விதர்பாவில், அவர் பிறந்த மகர் சமூகத்திலும் இந்தக் கூறு பரவலாக இருக்கிறது. சத்தீஸ்கரில், ஒடிசாவில் பிற்படுத்தப்பட்ட சாதியாரிடமும் இருக்கிறது. வயநாட்டில் செட்டிகளிடம் இருக்கிறது. 'எங்களுக்குக் கீழே ஒருத்தன்' என்று ஒரு படி வைத்துக்கொள்கிற புத்தி நோய் விஷயத்திலும் நமக்கு வந்துவிடுகிறது. அதை நாம்தான் உதற வேண்டும்.

இனி சட்டத்துக்கு வருவோம். இந்த நோய்க்காக ஒரு நாடு ஏற்கெனவே சட்டம் போட்டுப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பர்களின் நோய் என்று இதை அரசு ரொம்ப காலம் கண்டுகொள்ளவில்லை. 1971ல் கருஞ்சிறுத்தைகள் கட்சி தானே இலவசச் சோதனை முகாம்களை நடத்தியது. பசிக்குக் காலை உணவு கொடுத்தவர்கள் ரத்தத்தையும் சோதித்தார்கள். அரசுக்கு அப்புறம்தான் அவசரம் வந்தது. 1972 மே மாதம் நிக்சன் தேசிய அரிவாள் செல் ரத்தசோகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சோதனை, ஆலோசனை, ஆராய்ச்சி, மக்களுக்குத் தகவல் சொல்வது என்று எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கிய சட்டம். விழிப்புணர்வுக்கு ஒரு சட்டம் என்றால் அதுதான்.

அதே சமயத்தில் மாநிலங்கள் போட்ட சட்டங்களைப் பாருங்கள். 1971ல் மாசசூசெட்ஸ் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. நியூயார்க்கில் கல்யாண உரிமம் கேட்டு வருகிறவர்களில் வெள்ளையர், இந்தியர், கீழை நாட்டவர் அல்லாதவர்களைச் சோதிக்க வேண்டும் என்று எழுதினார்கள். கறுப்பர் என்று சொல்லாமலே கறுப்பரைக் குறிக்கிற வித்தை. நமக்கு இது புதுசில்லை. நோய் உள்ளவர் வேறு, கடத்துகிறவர் வேறு என்பதுகூடத் தெரியாமல் சட்டம் எழுதினார்கள். நோயே இல்லாத ஆட்களுக்கு வேலை போனது, காப்பீடு மறுக்கப்பட்டது. விமானப்படை அகாதெமி 1981 வரைக்கும் கடத்துகிறவர்களைச் சேர்க்கவில்லை. இதற்கெல்லாம் முன்னால், 1968லேயே, அந்தப் பாலிங், நோபல் பரிசு வாங்கியவர், சமாதானத்துக்காகப் போராடியவர், ஒரு யோசனை சொன்னார்: கடத்துகிறவர்களுடைய நெற்றியில் பச்சை குத்திவிடலாம், ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்துகொண்டு காதலிக்காமல் இருப்பார்கள் என்று. நல்லவர்தான். பிள்ளைகளின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்றுதான் சொன்னார். நல்ல மனசோடு வருகிற அறிவுகூட, அடுத்தவன் உடம்பு என்று வந்துவிட்டால் நெற்றியில் சூடு போடச் சொல்கிறது. கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டிவிடப்பட்ட கதை நமக்குத் தெரியும். அடையாளம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் என்ன இருக்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அரிவாள் செல் நோயைச் சேர்த்தது. நல்ல காரியம். அந்தச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, விழிப்புணர்வுப் பிரச்சாரம் நடத்துவது அரசின் பொறுப்பு என்றும் சொல்கிறது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு தருகிற 34ஆவது பிரிவில் ரத்த நோய்கள் இல்லை. உயர்கல்வி ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் குறைபாடு என்று சான்றிதழ் வேண்டும். வந்து வந்து போகிற வலியை எத்தனை சதவீதம் என்று எப்படி அளப்பது? சான்றிதழ் வாங்கப் போகிற நாளில் பையன் நிமிர்ந்து நடந்து போனால் 'நல்லாத்தானே இருக்கே' என்பார்கள். படுத்துக் கிடக்கிற நாளில் அங்கே போகவே முடியாது.

2023 இயக்கத்தின் இலக்கு, பாதிப்புள்ள பழங்குடிப் பகுதிகளில் 40 வயசு வரைக்குமான 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047க்குள் நோயை ஒழிப்பது. சோதித்தவர்களுக்கு அட்டை. கல்யாணத்துக்கு முன்னால் அட்டையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆலோசனை. சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது ஒவ்வொருவருடைய உரிமை. தெரியாமலே பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் போய் 'சோதனை என்பது அதிகாரத்தின் சூழ்ச்சி' என்று வியாக்கியானம் பேசினால் அது பெரிய அயோக்கியத்தனம். என் கேள்வி வேறு. ரத்தத்தை எடுத்தவனுக்கு என்ன கடமை?

ஒருவனுடைய உடம்பிலிருந்து ஒரு உண்மையை நான் எடுத்துக்கொண்டால், அந்த நிமிஷத்திலிருந்து நான் அவனுக்குக் கடன்காரன். 'உனக்கு இது இருக்கிறது' என்று சொல்லிவிட்டு, மாத்திரை கிடைக்காத ஊரில் அவனை விட்டுவிட்டுப் போனால் நான் சொன்னதற்குப் பேர் விழிப்புணர்வு இல்லை. குற்றச்சாட்டு. ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து இருக்கிறது. 1998லேயே அமெரிக்காவில் இந்த நோய்க்கென்று ஒப்புதல் பெற்றது. தினமும் எடுத்துக்கொண்டால் வலி வருகிற தடவைகள் குறையும். அபூர்வ மருந்து இல்லை. பிறந்த உடனே கண்டுபிடித்துப் பென்சிலினும் தடுப்பூசியும் கொடுத்தால் தொற்றில் சாகிற பிள்ளைகளைக் காப்பாற்றலாம் என்பது 1980களிலேயே நிரூபணமானது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் இரண்டு மரபணுச் சிகிச்சைகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஒன்றின் விலை 22 லட்சம் டாலர். அது கிடக்கட்டும். நாம் கேட்பது மாத்திரை, தடுப்பூசி, குளுக்கோஸ், நேரத்துக்கு வலி ஊசி. அப்புறம், 'நடிக்கிறியா' என்று கேட்காத வாய்.

கல்யாண விஷயத்துக்கு வருவோம். 1916ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர், சாதியின் சாரமே அகமணம்தான் என்று காட்டினார். ஆதிவாசிகளுடைய மணமுறையும் சாதி இந்துவின் அகமணமும் ஒன்றில்லை. அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு சமூகம் தனக்குள்ளேயே கட்டிக்கொள்ளும்போது, அங்கே இருக்கிற கூறு அங்கேயே சுற்றி வந்து, கடத்துகிற இருவர் சேர்கிற வாய்ப்பு கூடுகிறது என்பது உயிரியல். இந்த நாட்டில் கோடிக்கணக்கான சனங்களைத் தனித்தனிக் கிணறுகளாகப் பிரித்து வைத்தது யார்? கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் கலந்தால் வெட்டிப் போடுகிற நாட்டில், கிணற்றுக்குள் இருக்கிறவர்களைப் பார்த்து 'அட்டை பார்த்துக் கட்டு' என்று மட்டும் அரசு சொல்கிறது. சாதி பார்த்துக் கட்டாதே என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை.

அட்டை முதலில் யார் தலையில் விடியும்? பெண் தலையில்தான். மாப்பிள்ளைக்கும் கூறு இருந்தால்தான் பிள்ளைக்கு வியாதி வரும் என்றாலும், ஊர் பேசப் போவது 'அவ ரத்தம் சரியில்ல' என்றுதான். எச்.ஐ.வி.க்கு 2017ல் ஒரு சட்டம் வந்தது. சம்மதம் இல்லாமல் சோதிக்காதே, ரகசியத்தை வெளியே விடாதே, வேலையிலும் படிப்பிலும் மருத்துவத்திலும் ஒதுக்காதே என்று அது சொல்கிறது. மரபணு நிலைக்கு அப்படி ஒரு தனிச்சட்டம் இங்கே இல்லை. மரபணுக் கோளாறு என்று பொதுவாகச் சொல்லிக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று 2018ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கோர்ட்டுக்குப் போக வசதி உள்ளவர் போனார். பணியர் குடியிருப்பிலிருந்து யார் போவார்?

'ஒழிப்பு' என்ற வார்த்தையும் என்னை உறுத்துகிறது. தொற்றுக்கிருமியை ஒழிக்கலாம். அது வெளியிலிருந்து வந்தது. இது ஒருவன் பிறக்கும்போதே அவனாக இருப்பது. சுவரில் '2047க்குள் ஒழிப்போம்' என்று எழுதியிருப்பதை அந்தப் பதினாறு வயசுப் பையன் வாசித்தால் என்ன நினைப்பான்? 'என்னை மாதிரி ஒருத்தன் இனிமே பொறக்கக் கூடாதுங்கிறாங்க' என்று நினைக்க மாட்டானா? அப்படி நோக்கமில்லை என்று சொல்லலாம். சரி. அப்படியானால் அவனை வாழவைப்பதை முதல் வரியில் எழுதுங்கள், அடுத்த தலைமுறையைப் பற்றி இரண்டாம் வரியில் பேசுங்கள்.

சட்டத்தால் விழிப்புணர்வு வருமா என்ற கேள்விக்கு நம் அனுபவத்திலேயே பதில் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தபோது, தீண்டப்படாதவனுக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று எழுதவில்லை. தீண்டாமையைக் கடைப்பிடிக்கிறவனைக் குற்றவாளி என்றது. 1976ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், அடிமைப்பட்டவன் தானே விழித்து ஓடி வரட்டும் என்று விடவில்லை. தேடிப் பிடித்து விடுவிக்கிற வேலையை மாவட்ட ஆட்சியர் மேல் வைத்தது. வயநாட்டு வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஆண்டடிமைக்குக் கைமாற்றப்பட்டவர்கள் பணியர்கள். அவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். 1989ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 4ஆவது பிரிவில், கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியரைத் தண்டிக்கலாம் என்றது. இவை ஒழுங்காக நடைமுறைக்கு வரவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் பாரத்தை யார் தலையில் வைப்பது என்பதில் இவற்றுக்குத் தெளிவு இருந்தது.

அந்தத் தெளிவுதான் இங்கேயும் வேண்டும். இந்த நோய்க்கு ஒரு சட்டம் வருமென்றால், பாதிப்புள்ள பகுதியில் எந்த ஆஸ்பத்திரியும் அட்டையோடு வருகிறவரின் வலியை உடனே கவனிக்க வேண்டும் என்பது அதில் முதல் கடமையாக இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இல்லை என்றால் பொறுப்பு அதிகாரி பதில் சொல்லட்டும். டாக்டருக்கும் நர்சுக்கும் வாத்தியாருக்கும் எஸ்டேட் கங்காணிக்கும் இதைப் படித்துத் தெரிந்துகொள்வது கட்டாயமாகட்டும். சோதனை சம்மதத்தோடு, முடிவு ரகசியமாக. வேலை ஒதுக்கீட்டில் ரத்த நோய்களுக்கும் இடம். பழங்குடிப் பகுதியோடு நிற்காமல் இந்தக் கூறு உள்ள சேரிகளுக்கும் போகட்டும். படுத்த நாளுக்குக் கூலி போகிற வீட்டுக்கு உதவித்தொகை.

இது நடக்காத காரியம் இல்லை. கூடலூரில் ஆதிவாசிகளுக்கான மருத்துவமனை ஒன்று 1990 முதல் நடக்கிறது. ஆதிவாசிப் பெண்களே நர்சுகளாகவும் சுகாதார ஊழியர்களாகவும் அங்கே வேலை செய்கிறார்கள். அட்டையைக் கையில் வாங்குகிறவர் நம்மில் ஒருத்தியாக இருந்தால், 'நடிக்கிறியா' என்ற கேள்வியே வராது.

அன்றைக்கு விடிகிற நேரத்தில் அந்தப் பையன் தூங்கிப்போனான். அந்த அம்மா அட்டையைத் துடைத்துத் திரும்ப உறையில் போட்டார். "எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது சார். நான் சாகுறதுக்குள்ள எத்தன பேருக்குச் சொல்லி முடிப்பேன்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை. அவர் சொல்லி முடிக்க வேண்டிய வேலை இல்லை அது. நம்முடையது.